கதவுக்காரர் பேசி வாங்கிய பாதி

தன் கம்ப்யூட்டரில் புதுசாக ஒரு துரும்பும் ஏறக் கூடாது என்று கதவுக்காரர் சபதம் போட்டார். சாட்சிக்கு முன்னறைச் சுவரில் பதினேழு கதவுகள் சாய்ந்து நின்றன.

இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், நிலைகளை வாங்கி விற்பது அவர் தொழில். படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியை உலகம் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அளவைத் தட்டினால் எந்தக் கதவு எந்த நிலைக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடும் புரோகிராம் ஒன்று அவரிடம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்றே தெரியாது. அது அந்தக் காலத்துப் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும்.

மனைவி வீட்டு வரைபடம் போடுபவள். அவளுடைய வரைகிற சாப்ட்வேருக்கோ புது சிஸ்டம்தான் வேண்டும். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். போதாததற்கு முன்னறையையும் கேட்டாள். வரைபடம் கேட்டு வருகிறவர்களை உட்கார வைக்க இடமில்லை. ஒருத்தர் மரியாதையாகத் தட்டிவிட்டு உத்தரவுக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தார். அவர் தட்டியது விற்பனைக்கு வைத்திருந்த கதவை.

"கம்ப்யூட்டரும் மாறாது, கதவும் நகராது" என்றார் கதவுக்காரர்.

"சரிங்க" என்றாள் மனைவி.

எதிராளி சட்டென்று சரி என்றால் உன் பையைத் தொட்டுப் பார் என்பது வியாபாரத்தில் அரிச்சுவடி. பொண்டாட்டியிடம் அரிச்சுவடி எதற்கு என்று அவர் அலட்சியமாக இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் மனைவியின் தம்பி வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் பிழைப்பு. தூசி தட்டித் தருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிப்போய் இரண்டு நாளில் கொண்டுவந்தான். அன்று தொடங்கியது அதிசயம். முன்பெல்லாம் ஓர் அளவைத் தட்டிவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். இப்போது விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது. போன மாதம் கோபத்தில் பெட்டியின் மண்டையில் தான் வைத்த அறையால்தான் புத்தி வந்தது என்று கதவுக்காரர் முடிவு கட்டினார். பழசை மதித்தால் பழசு உழைக்கும் என்று தெருவில் கண்டவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களில் இரண்டு பேர் கதவு வாங்கினார்கள்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. தினமும் அவர் குளித்து வருவதற்குள் மனைவி கம்ப்யூட்டரைப் போட்டு, அவருடைய புரோகிராம் ஓடும் பச்சைத் திரையைத் தயாராக வைத்திருப்பாள். வீட்டுக்காரருக்குக் கிடைக்கிற மரியாதை என்று அவரும் தலையைத் துவட்டிக்கொண்டே போய் உட்காருவார்.

எட்டு மாதம் இப்படி ராஜாவாக ஆண்டார். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, மரத்தூள் படிந்த கீபோர்டை அவர் துணியால் அழுத்தித் துடைத்தபோது நாலைந்து பித்தான்கள் சேர்ந்து அமுங்கின. பச்சைத் திரை சுருங்கியது. கதவுப் புரோகிராம், கடிகாரம் எல்லாவற்றோடும் சுருங்கி, அஞ்சலட்டை அளவுக்கு ஒரு பெட்டியாகி மூலையில் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் விரிந்து கிடந்தது மனைவியின் வரைபடக் காடு. பங்களாத் தோட்டத்தில் நாய்க்கூடு வைத்த மாதிரி இருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் மனைவி கொண்டையில் செருகிய பென்சிலோடு வந்தாள்.

"என்னம்மா இது?"

"அதுதான் உங்க கம்ப்யூட்டருங்க."

"அப்போ சுத்தி இருக்கிறது?"

"அது என்னோடது."

பிறகு நிதானமாக விளக்கினாள். பழைய டிஸ்க் சாகக் கிடந்தது. தம்பி புது டிஸ்க்கும் கூடுதல் மெமரியும் போட்டு, புது சிஸ்டத்தை ஏற்றினான். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று இருப்பதாக நடிக்க வைக்கிற சாப்ட்வேர் இருக்கிறது, விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அதற்குள்ளே பழைய சிஸ்டத்தைக் குடிவைத்துத் திரை முழுக்க விரித்துவிட்டால் போதும். மொத்தப் பெட்டியும் தனக்கே சொந்தம் என்று உள்ளே இருப்பது நினைத்துக்கொண்டிருக்கும். அவர் கதவு வாங்க வெளியே போகிற நேரத்தில் அதைச் சுருக்கிவைத்துவிட்டு அவள் வரைந்தாள்.

"வெளியே ஒண்ணு இருக்குன்னே அதுக்குத் தெரியாதுங்க" என்றாள்.

"அதுக்குத் தெரியாது சரி. எனக்கு?"

"உங்களுக்கும்தான்."

கதவுக்காரருக்குக் காதுவரை சூடேறியது. தன் வீட்டுக்குள்ளேயே எட்டு மாதமாக உள்வாடகைக்கு இருந்திருக்கிறார். பிடுங்கி எறி என்று சொல்ல வாயெடுத்தார். பிடுங்கினால் திரும்பிப் போகப் பழைய டிஸ்க் உயிரோடு இல்லை என்றாள். எடுத்த வாயை மூடினார். கோபம் இறங்கியதும் வியாபாரி எழுந்தான்.

"எனக்குன்னு எவ்வளவு ஒதுக்கியிருக்கே?"

"மெமரியில கால் பங்கு."

"முக்கால் வேணும்."

அவள் சிரிக்கவில்லை. முக்கால் கொடுத்தால் தன் வரைபடத்தில் ஒரு கோடு நகராது என்றாள். அவர் பாதிக்கு இறங்கினார். அவள் திரையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். பாதி கொடுத்தால் வேலை மெதுவாகும், வருகிறவர்கள் காத்திருக்க நேரும், நின்றுகொண்டே எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே பேசுவது போல் பேசினாள். அவர் மூன்று கதவுகளை எடுக்கச் சம்மதித்தார். பிறகு எட்டு. அவள் முன்னறை முழுசும் என்றாள். பாதி அறை என்றார். பரவாயில்லைங்க, கால் பங்கே ஓடட்டும் என்று அவள் திரும்பி நடந்தாள்.

திரும்பி நடந்து நடந்தே ஆயிரம் பேரை மடக்கியவர் கதவுக்காரர். தன் எதிரே ஒருத்தி நடப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"நில்லு. முன்னறை உனக்கு. பாதி எனக்கு. பேச்சு மாறக் கூடாது."

"சரிங்க."

மாலைக்குள் பதினேழு கதவுகளையும் ஒற்றை ஆளாகப் பின்கட்டுக் கொட்டகைக்குத் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது, மனசு மட்டும் சீட்டியடித்தது. வரைபடம் கேட்டு வருகிறவர்களுக்கு நாற்காலி வந்து இறங்கும்போது தம்பிக்காரனும் வந்து சேர்ந்தான். கதவுக்காரர் அவனைக் கையோடு இழுத்துப்போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்.

"என் பங்கைப் பாதியாக்கு. உங்க அக்கா கால் பங்குலயே நின்னா. நான் விடுவேனா?"

அவன் எதையோ திறந்து பார்த்தான். அக்கா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மாமா, நான் போட்ட அன்னிலேருந்தே இது பாதிதான்."