பொற்கரங்கள் நட்ட கரை

கரையை மொட்டையடித்து முடித்த பிறகுதான் அந்தப் பலகை உயிரியல் வாத்தியாரின் காலில் இடறியது.

குப்புறக் கிடந்ததைத் திருப்பிச் சேற்றைத் துடைத்தார். மேலே பள்ளியின் பெயர். அதன் கீழே, ‘கரை காக்கும் கன்றுகள். சென்ற ஆண்டு எமது மாணவச் செல்வங்கள் நட்டவை. முதல் கன்று தலைமையாசிரியையின் பொற்கரங்களால் நடப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

சென்ற ஆண்டு வேறு பள்ளியில் இருந்த வாத்தியாருக்கு இது புதுச் செய்தி. நிமிர்ந்து பார்த்தார். பத்தாம் வகுப்பு மொத்தமும் காலையிலிருந்து வரிந்து கட்டிக்கொண்டு வேலை பார்த்ததில், ஏரிக்கரையில் கன்று என்று சொல்ல ஒரு குச்சிகூட மிச்சமில்லை. எல்லாம் மேட்டில் மலை மாதிரி குவிந்து கிடந்தது.

"என்ன சார் அது?" என்று எட்டிப் பார்த்தாள் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"ஒண்ணுமில்லை. நீ போய்த் தண்ணி குடி."

"குடிச்சாச்சு சார். அது நம்ம ஸ்கூல் பேராச்சே? அப்போ நாம பிடுங்கினது..."

"மெதுவாப் பேசும்மா!"

மெதுவாகப் பேசி என்ன பயன்? தலைமையாசிரியை மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். களை பிடுங்க வரச்சொல்லி ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததும், இந்தப் பயணத்துக்காக வாத்தியார் அவர் அறை வாசலில் நின்று தேய்ந்திருந்தார். "பொதுத்தேர்வை வெச்சுக்கிட்டுப் பசங்களைச் சேத்துல இறக்கி என்ன சாதிக்கப் போறீங்க? ஒரு வீடியோ போட்டுக் காட்டினா ஆகாதா?" என்று கேட்ட அம்மையார், கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். நேரில் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வருடா வருடம் பயணம். பிடிக்காவிட்டால் இதுதான் கடைசி.

வாத்தியார் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் இருந்தது. நீர்நிலைகள் பாடத்தை ஒரே படத்தை வைத்துக்கொண்டு காலம் காலமாக நடத்தி அவருக்கே அலுத்துவிட்டது. ஏரியில் என்ன இருக்கும் என்ற கேள்விக்கு ஒரு பையன், ‘அம்புக்குறிகள் இருக்கும்’ என்று எழுதிவைத்தான். அன்றைக்கு அவர் முடிவு செய்தார், இந்தப் பிள்ளைகள் ஒரே ஒரு தடவையாவது தண்ணீரில் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று.

விட்டுத்தான் பார்த்தார்கள். காலையில் ஏரிப் பாதுகாப்பு அதிகாரி, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண், "இந்த மதகுலேருந்து அந்த மரம் வரைக்கும் சார். ஒண்ணு விடாமப் பிடுங்கிடுங்க" என்று கையைக் காட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அக்கரைக்குப் போய்விட்டார். வாத்தியார் ஒரு தண்டை ஒடித்துக் காட்டி, "பாத்தீங்களா, உள்ள கூடு. கணுவுக்குக் கணு வேர். ஒரு துண்டு கிடந்தாலே பொழைச்சுக்கும். களையிலேயே பொல்லாத களை" என்று பிரமாதமாகப் பாடம் நடத்தினார்.

இப்போது யோசித்தால் மதகுக்கு இரண்டு பக்கமும் மரம் இருந்தது. அதிகாரி கை காட்டிய நேரத்தில் இவர் தண்ணீரில் சறுக்கப் போன ஒருவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்க மரத்தைச் சொன்னாரோ என்னவோ? அதிகாரியின் போனோ எப்போது அடித்தாலும் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

முதல் காரியமாகப் பலகையைக் குவியலுக்கு அடியில் செருகினார்.

"ஆதாரத்தை மறைக்கிறீங்களா சார்?" என்றாள் வக்கீல்.

"பத்திரப்படுத்தறேன்."

அந்தப் பத்திரம் கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. குவியலை அள்ளிப்போக வந்த லாரி டிரைவர் பலகையைக் கண்டெடுத்தார். நல்ல மனிதர். "நம்ம ஸ்கூல் போர்டு சார், குப்பையோட போகப் பாத்துச்சு" என்று சொல்லி, எல்லாருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்துக் கரையின் நடுவில் நிறுத்தி, கல்லால் ஓங்கி ஓங்கி அடித்து இறக்கினார். வாத்தியார் தனியாக அசைத்துப் பார்த்தார். அது அசைவதாக இல்லை.

‘கரை காக்கும் கன்றுகள்’ என்று பலகை சொல்ல, பின்னால் வெட்ட வெளி. இனி ஒரே வழிதான்.

"எல்லாரும் இங்க வாங்க! பிடுங்கினதைத் திரும்ப நடப் போறோம்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், காலையில களைன்னு சொன்னீங்களே?"

"காலையில சொன்னது காலையோட போச்சு. நடுங்க!"

அதற்குள் பாதிக் குவியல் லாரியில் ஏறியிருந்தது. வாத்தியார் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏத்துன்னதும் நீங்க, இறக்குன்னதும் நீங்க. உடம்புக்கு ஏதாவது சரியில்லையா சார்?" என்று டிரைவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"மனசுதான் சரியில்லைங்க. இறக்கிடுங்க."

இறக்கியதில் பாதி ஒடிந்தும் மிதிபட்டும் கிடந்தது. வக்கீல் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுல வேரே இல்லை சார்."

"கணு இருக்கில்ல? நடு. ஒரு துண்டு இருந்தாப் போதும்னு காலையில சொன்னேனே."

"அது காலையோட போச்சுன்னீங்க."

"அதுல இது மட்டும் போகலை!"

நடத் தொடங்கியதும்தான் பிள்ளைகள் சூடுபிடித்தார்கள். குழி தோண்ட ஒரு கூட்டம், வாளியைக் கைமாற்றித் தண்ணீர் கொண்டுவர ஒரு கூட்டம். வகுப்பில் தலை நிமிர்த்தியே அறியாத கும்பகர்ணன் என்று பட்டப்பெயர் வாங்கிய பையன், முழங்கால் சேற்றில் நின்று, "வேரை மடக்காதே, மண்ணை அழுத்து" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தான். ஒடிந்த துண்டெல்லாம் தனித்தனிச் செடியானதில் பழைய இடம் போதவில்லை. மதகைத் தாண்டி அந்தப் பக்கமும் நட்டார்கள். காலையில் இருந்ததைவிடக் கரை இரண்டு மடங்கு அடர்த்தியாக நின்றது. வாத்தியாருக்கு இவ்வளவு பதற்றத்திலும் பெருமையாக இருந்தது. என் பிள்ளைகள் என்று முதல் தடவையாக நினைத்தார்.

தலைமையாசிரியையின் கார் வந்து நின்றது. இறங்கியவர் கரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சேற்றில் ஊறிய பத்தாம் வகுப்பைப் பார்த்தார்.

"என்ன வேலை நடக்குது?"

"பராமரிப்பு மேடம்" என்றார் வாத்தியார். அது பொய்யா என்று அவருக்கே விளங்கவில்லை.

கும்பகர்ணன் ஓடி வந்தான். "மேடம், இங்க கையை வெச்சுப் பாருங்க. மண்ணு ஈரமா இருந்தாத்தான் கணுவுல வேர் விடும். தண்ணிக்குக் கிட்ட நட்டா ரொம்பச் சீக்கிரம் விடும்." அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

"இவன் பேசுவானா?" என்று தலைமையாசிரியை வாத்தியாரிடம் மெல்லக் கேட்டார்.

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும் மேடம்."

அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஒரு கன்றைக் கையில் வாங்கி, குழியில் வைத்து, மண்ணை அழுத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இந்தச் செடியை நானே நர்சரிக்குப் போய்ப் பொறுக்கினேன், தெரியுமா? ஊதாப் பூ அவ்வளவு அழகு. பத்தே பத்துக் கன்றுதான் வெச்சோம். ஒரே வருஷத்துல கரை முழுக்க எப்படி வளர்ந்திருக்கு பாருங்க!" கையிலிருந்த சேற்றைக் கழுவக்கூட மனமில்லாமல் நின்றார். "வீடியோன்னு சொன்னது என் தப்பு சார். இனிமே வருஷா வருஷம் வரணும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்துக்கங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணிலும் அக்கரையிலிருந்து திரும்பும் ஸ்கூட்டர் தெரிந்தது.

"பஸ்ல ஏறுங்க! சீக்கிரம், சீக்கிரம்!"

"கை கழுவலை சார்!"

"வீட்டுல கழுவிக்கலாம்!"

ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் மேடத்துக்குச் செடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வாத்தியார் எதிரே ஓடி ஸ்கூட்டரை மடக்கினார். விஷயம் இங்கேயே முடிந்துவிட்டால் பயணம் பிழைத்துக்கொள்ளும்.

"மன்னிச்சிடுங்கம்மா. இடத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, எங்க ஸ்கூல் கன்றையெல்லாம் பிடுங்கிட்டோம். ஆனா ஒரு துண்டு விடாம அத்தனையும் திரும்ப நட்டாச்சு. மேடத்துக்குத் தெரிய வேண்டாம்."

அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றினார். கரையைப் பார்த்தார். மதகுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவர் குரல் காற்றில் தலைமையாசிரியை வரைக்கும் நன்றாகவே கேட்டது.

"சார், போன வருஷம் நீங்க நட்டுட்டுப் போன அந்தக் களையைப் பிடுங்கறதுக்குத்தானே இந்த வருஷம் உங்க ஸ்கூலையே தேடிப்பிடிச்சுக் கூப்பிட்டோம்?"