கண்மாய் சோர்ஸா, ரிசோர்ஸா?

நம்மிடையே வேறுபாட்டார் என்றோர் இனம் உண்டு. இரண்டு ஆங்கிலச் சொற்கள் முகஜாடையில் சற்றே ஒத்திருந்தால் போதும். பந்தியில் இலை விழுந்திருந்தாலும், பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தாலும், அவற்றைப் பாகம் பிரித்து வைக்காமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. முதலில் தொண்டையைச் செருமுவார்கள். அடுத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார்கள். வேறு எப்படி நினைப்பது?

கந்தர்வக்கோட்டைக்கு அருகே எங்கள் ஊரில் இவ்வினத்தின் திலகம் ஆத்மநாதன். காந்தி ஜெயந்தியன்று கிராமசபை கூடியது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்து வாரியை, மழைக்கு முன் தூர்வார வேண்டும். பொக்லைன் தயார், தீர்மானம்தான் பாக்கி. ஊராட்சித் தலைவர் செவந்தி வாசித்தார்: "நம்ம ஊரு வாட்டர் ரிசோர்ஸான பெரிய கண்மாய்க்கு..."

ஆத்மநாதன் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ரிசோர்ஸுன்னா கைவசம் இருக்குற வளம். கண்மாய்ல சொட்டுத் தண்ணி இல்லியே?"

"சரிங்கண்ணே, சோர்ஸுன்னு போட்டுக்கிறேன்."

"எப்படிப் போடுவீங்க? சோர்ஸுன்னா பொறப்பிடம். தண்ணி கண்மாய்லயா பொறக்குது? மழையில பொறக்குது!"

"அந்த மழை வர்றதுக்குள்ள கையெழுத்தப் போட விடுங்கண்ணே!" என்றார் பின்வரிசை முத்துராஜ்.

விடுவாரா? பசு சோர்ஸ், பால் ரிசோர்ஸ் என்று தொடங்கி, முந்திரி மரத்தில் ஏறி, சூரியனைத் தொட்டு, அவர் மண்ணுக்கு இறங்கி வருவதற்குள், ஆடு பிடித்துக் கட்டச் சிலர், பால் கறக்கச் சிலர், டவுன் பஸ்ஸுக்குப் பலர் என்று கூட்டம் கரைந்துவிட்டது.

"கோரத்துக்கு ஆள் பத்தலீங்க. அடுத்த சபையில பாப்போம்" என்று சபையைப் பார்வையிட வந்திருந்த அதிகாரியும் எழுந்தார்.

மழை அடுத்த சபைவரை காத்திருக்கவில்லை. மறுவாரமே கொட்டியது. வந்த வெள்ளம் எங்கள் வாரியின் கருவேலம் புதரில் முட்டி, திரும்பி, பக்கத்து ஊர்க் கண்மாயை நிரப்பிற்று. கரையில் நின்ற செவந்தி கேட்டார்:

"இப்பச் சொல்லுங்கண்ணே. அங்கிட்டுத் தளும்புதே, அது என்ன?"

"தப்பா நெனச்சுக்காதீங்க. அவுங்களுக்கு ரிசோர்ஸ்."

"நமக்கு?"

ஆத்மநாதன் செருமினார். செருமிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. ஆனால், ‘சோர்ஸுக்கு இவர் சொன்ன பொருள் முழுமையன்று’ என்று தங்கள் தொண்டையில் சற்றுமுன் ஏதேனும் கரகரத்ததா? எதற்கும் ஒருமுறை தலைநிமிர்ந்து பாருங்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?