எட்டு அமைச்சர்களும் ஒரு மடையும்

சில்லூர் என்றொரு நாடு இருந்தது. அங்கேயும் தேர்தல் நடத்தித்தான் அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். வெகுகாலம் அந்த நாட்டுக்கு ஒரே ஓர் அமைச்சர்தான். குடிகள் வரிசையில் நிற்பார்கள். அமைச்சர் இவரிடம் கொஞ்சம், அவரிடம் கொஞ்சம் என்று மாறி மாறிக் குறை கேட்பார். தாமதமாகும். ஆனால் கேட்டதெல்லாம் அவர் மண்டையில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு தேர்தலில் அரசருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஏழு சிற்றரசர்கள் ஆதரவு கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஏழு பேரும் அமைச்சரானார்கள். இனி நாடு எட்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்று பறையறைந்தார்கள். அது எப்படி என்று பார்க்க எனக்கும் ஆசை வந்தது, போனேன்.

வரிசையில் பூவாயி நின்றாள். தனி ஆளாக வயலைப் பார்த்துக்கொள்பவள். யாரோ வாய்க்கால் மடையை அடைத்துவிட, அவளுடைய நாற்று காய்ந்துகொண்டிருந்தது. மடையைத் திறக்க ஓர் அமைச்சரின் ஆணை வேண்டும். எட்டுப் பேரில் முதலாமவரிடம் முக்கால்வாசி சொல்லி முடித்திருந்தாள். அப்போது பணிப்பகிர்வுத் தலைவர் வித்தகராயர் வந்து அவளை எழுப்பினார்.

“அமைச்சர் எவரும் கணநேரமும் சும்மா இருத்தல் ஆகாது என்பது சட்டம். ஐந்தாமவர் சும்மா இருக்கிறார்” என்றார்.

முதலாமவர் கேட்டது ஐந்தாமவருக்கு எப்படித் தெரியும்? பூவாயி ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். மடை என்ற சொல் வாயில் வரும் நேரத்தில் மூன்றாமவருக்கு வேலை ஓய்ந்தது, அவரிடம் இழுத்துப் போனார்கள். இப்படியே எட்டுப் பேரிடமும் பாதிக் கதை சொன்னாள். ஓயாமல் கேட்டதில் அமைச்சர்களுக்கு உடம்பு கொதித்தது. விசிறி வீச ஆள் போதாமல் வாய்க்கால் காவலர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

முணுமுணுப்பு எழுந்ததும் அடுத்த சட்டம் வந்தது. ஒவ்வொரு மனுவையும் எட்டாக நறுக்கி எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். வயல் யாருடையது என்று கண்டுபிடிப்பது மூன்றாமவர் வேலை. மடையைத் திறக்கச் சொல்வது ஏழாமவர் வேலை. மூன்றாமவர் சொல்லும்வரை ஏழாமவர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தால் சும்மா இருந்த குற்றமாகிவிடுமே! எந்த மடை என்று தெரியாமலே திறக்கச் சொல்லிவிட்டார். அரண்மனைத் தாமரைக் குளத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. பூவாயியின் நாற்று கருகியது.

அவள் நேரே அரசரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“எட்டுப் பேரும் நல்லாத்தான் உழைக்கிறாங்க சாமி, குறை சொல்லல. ஒருத்தரே கடைசி வரைக்கும் கேட்டிருந்தா என் நாத்து பொழச்சிருக்கும்.”

அரசர் நியாயஸ்தர். அவள் சொல்வது சரிதானே என்று வித்தகராயரைப் பார்த்தார். அவர் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“அப்படிச் செய்தால் மற்ற ஏழு பேருக்கும் வேலை இராது, அரசே. வேலை இல்லாத நேரத்தில் அவர்கள் எதைப் பற்றி யோசிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?”

அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு பூவாயியிடம், வேறு குறைகள் ஏதும் இருந்தால் கொஞ்சம் நீளமாகவே சொல்லும்படி அன்போடு கேட்டுக்கொண்டார்.