நல்ல முயற்சி, ஆனால் நகைச்சுவை அதிகம்

உலகத்தில் நோயைப் பரப்பும் ஜீவன்கள் பல உண்டு. கொசு உண்டு, எலி உண்டு, காய்ச்சலோடு கல்யாணத்துக்கு வந்து எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கும் மாமா உண்டு. இவர்களைப் பற்றியெல்லாம் டாக்டர்கள் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். ஆனால் டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, அவர்கள் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று பேசுகிற ஜீவன் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் கருத்து நேயர் என்று பெயர். இன்று அதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

பெங்களூரில் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. ஒரு மனிதனைக் காருக்குள் உட்காரவைத்து, அந்தக் காரை எந்நேரமும் நெரிசலில் உறைந்து கிடக்கும் சில்க் போர்டு சந்திப்பில் நிறுத்திவைத்தால், அவன் எதையாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? முன்பு பாட்டு கேட்டார்கள். இப்போது அறிவு கேட்கிறார்கள். பாட்டு கேட்டவன் தாளம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அறிவு கேட்டவனுக்குக் கருத்து வந்துவிடுகிறது, வந்த கருத்தை அடக்கினால் உடம்புக்கு ஆகாது என்று அவன் நம்புகிறான்.

'இருமல் நேரம்' என்ற பாட்காஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சிந்து, டாக்டர் டெஸ்மண்ட் என்று இரண்டு பேர் நடத்துகிறார்கள். இருவருமே தொற்றுநோய் நிபுணர்கள், இருவருக்குமே வாய் ஜாஸ்தி. வாரம் ஒரு நோயைப் பிடித்துவந்து நடுவில் உட்காரவைத்து, தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து அதை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். காலராவுக்காகப் பானிபூரித் தண்ணீர் தன் சுயசரிதையைச் சொன்னது. ரேபிஸுக்கு ஒரு கோர்ட் சீன் வைத்தார்கள். கடித்த நாய்க்கு டெஸ்மண்ட் வக்கீல், சிந்து நீதிபதி. கடிபட்டவன் காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடாமல், மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்ததும், நீதிபதி அவனையே உள்ளே தள்ளிவிட்டார்.

இதைக் கேட்டு நாமெல்லாம் சிரிப்போம். கருத்து நேயர் சிரிக்க மாட்டார். அவருக்கு வேலை இருக்கிறது. அந்த நிகழ்ச்சியின் கீழே கருத்துகள் பதியும் இடத்தை நீங்கள் படித்ததுண்டா? "டாக்டர்கள் இப்படிச் சிரிக்கலாமா, நோயாளி மனம் என்ன பாடுபடும்" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். "முன்ன மாதிரி காமெடி இல்லை, காசநோய் எபிசோடு ரொம்ப டல்" என்று அடுத்தவர் வருவார். ஒருவருக்குக் கன்னடம் அதிகம், இன்னொருவருக்குக் கன்னடம் போதாது. பப்பாளி இலையை ஏன் மறைக்கிறீர்கள், இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் விசாரணைக் கமிஷன் வைப்பார். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது என்று ஒருவர் புகார் செய்ய, பருப்பு என்றால் இன்னும் ஒரு விசில் விட்டிருக்க வேண்டும் என்று அதற்குக் கீழே ஒருவர் திருத்தம் எழுதியிருப்பார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு முதல்தர மாதிரியை எனக்கு நேரிலேயே தெரியும். தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ரகுராம்தான் அவர். வேலூர்க்காரர். வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். தங்கமான மனிதர், பால் காய்ச்ச மறந்தால் கூடக் கோபம் வராது. ஆனால் ஆபீஸில் தனக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு மதிப்பீடு எழுதி எழுதிக் கைக்கு அதுவே பழகிவிட்டது. எதைப் பார்த்தாலும் "நல்ல முயற்சி. ஆனால்" என்றுதான் தொடங்குவார். தெருமுனை தர்ஷினி ஹோட்டலில் நின்று காபி குடித்தாலும் அதுதான். என் மகள் கல்யாண விருந்துக்கு வந்தபோதும் அதுதான், பாயசத்தின் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அவர் பாட்காஸ்ட் கேட்கும் முறையை ஒருநாள் அவர் காரில் போகும்போது கண்ணால் பார்த்தேன். வேகத்தைக் கூட்டிவைத்திருந்தார். இரண்டு டாக்டர்களும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது சிரித்தால் போதும், உடனே திரையைத் தட்டி அந்த இடத்தை முன்னால் தள்ளிவிட்டார். மறுபடி சிரிப்பு, மறுபடி தட்டல்.

"ஏன் சார் தள்ளறீங்க?" என்று கேட்டேன்.

"சிரிப்பு வந்தா மேட்டர் இல்லைன்னு அர்த்தம் சார். டைம் வேஸ்ட்."

"அப்போ ஜோக் சரியில்லைன்னு எப்படி எழுதறீங்க?"

"சரியில்லைன்னு எழுதல. அதிகம்னு எழுதறேன். எத்தனை தடவை தள்ள வேண்டியிருக்கு, நீங்களே பாருங்க."

ரேபிஸ் எபிசோடில் அவர் காதில் விழுந்தது 'வணக்கம்', 'ஒரு நாய்', 'அடுத்த வாரம் பார்ப்போம்', அவ்வளவுதான். அதற்கும் அரைப் பக்கம் கருத்து எழுதினார். ஆழம் போதவில்லையாம்.

அவர் மனைவி வித்யாலட்சுமி காப்பீட்டு ஆபீஸ் ஒன்றில் வேலை செய்கிறார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து பீன்ஸ் நறுக்கும்போது அதே பாட்காஸ்டை, டாக்டர்கள் பேசிய வேகத்திலேயே கேட்பார். அவர் சிரிப்பது கீழே எனக்குக் கேட்கும். சமயத்தில் பீன்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். "நீ சிரிக்கறதுக்குக் கேக்கற, நான் தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கறேன்" என்று ரகுராம் சொல்வார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஜோக்குக்குப் போய்விடுவார். இதுவரை ஒரு நட்சத்திரம் கூட அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. டாக்டர்களுக்கு இப்படி ஒருவர் கேட்கிறார் என்பதே தெரியாது.

போன மழைக்காலத்தில் டெங்கு எபிசோடு வந்தது. ஒரு கொசு பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கதை. ஏரிப் பக்கம் நாற்றம், சாக்கடையில் தன் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று தேடித் தேடி, கடைசியில் ஒரு நல்ல வீட்டுப் பால்கனியில், மணிப்ளான்ட் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டைப் பார்த்து மயங்கிவிடுகிறது. அட்வான்ஸ் கிடையாது, டேங்கர் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம், அசைவம் சாப்பிடுவாயா என்று ஓனர் கேட்பதும் இல்லை. தட்டைக் கவிழ்க்கிற வீட்டில் மட்டும் தனக்கு இடமில்லை என்று அது கண்ணீர் விட்டது. நான் கேட்டேன், வித்யாலட்சுமி கேட்டார். ரகுராம் தள்ளிவிட்டார். அன்றைக்கே எழுதியும் விட்டார்: "நல்ல முயற்சி. ஆனால் நகைச்சுவை அதிகம். நோய் வராமல் தடுப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நட்சத்திரம்."

அவர் பால்கனியில் வரிசையாக மணிப்ளான்ட். ஒவ்வொன்றுக்கும் அடியில் தட்டு. தட்டு நிரம்பி வழிகிற தண்ணீர் என் துணிக்கொடியில்தான் வந்து விழும்.

பிறகு என்ன? ரகுராமுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் வலி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கு. தெருமுனை டாக்டர் மாத்திரை எழுதி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, தினமும் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லி, "முக்கியமா ஒண்ணு கவனிங்க" என்று ஆரம்பித்தார். "பாட்காஸ்ட்ல எல்லாம் கேட்டிருக்கேன் டாக்டர்" என்று சொல்லி இவர் எழுந்துவிட்டார். எதிரில் உட்கார்ந்திருக்கிற டாக்டரையும் தள்ளிவிடலாம் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சில நாள் கொதித்தபின் ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. ரகுராம் எழுந்து உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார். இன்றைக்கு ரத்தம் கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். மசால் தோசைக்கு ஆர்டர் போட்டார். தோசை வந்து மேஜையில் இருக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தார், வந்தார், மறுபடி போனார். வெறும் வயிறு, அதனால்தான் என்றார். ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வித்யாலட்சுமி மேஜையில் இருந்த தோசைப் பொட்டலத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டுக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "சார், கொஞ்சம் மேல வாங்க" என்றார். நான் போனபோது இருவருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு? ஜுரமே இல்லையே."

"அதனாலதான்."

"யார் சொன்னது உனக்கு?"

"டெஸ்மண்ட் சொன்னார்."

"நானும்தான் அந்த எபிசோடு கேட்டேன். அதுல இப்படி ஒண்ணும் வரலையே."

"ஜோக்ல வந்துச்சுங்க."

"ஜோக்கை நம்பி யாராவது ஆஸ்பத்திரியில போய் அட்மிட் ஆவாங்களா வித்யா?"

நான் அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது, நெற்றியில் வியர்வை. மனிதர் வாதாடுகிறாரே தவிர நிற்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை இவரை நினைத்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன், அந்த நிமிஷத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இருவருமாகத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினோம்.

வித்யாலட்சுமி ஆட்டோவை நிறுத்தினார். "அண்ணா, ஆஸ்பத்ரே. பேகா ஹோகி" என்று கன்னடத்தில் சீக்கிரம் போகச் சொன்னார். ஆட்டோக்காரர் உள்ளே ஏற்றிய ரகுராமை ஒரு பார்வை பார்த்தார், பேரம் பேசவில்லை, கிளம்பிவிட்டார். ஆனால் கிளம்பினால் போதுமா? மேம்பாலத்துக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. ரகுராம் அந்த நிலையிலும் விடவில்லை. அந்த ஜோக் எங்கே இருக்கிறது காட்டு என்றார். வித்யாலட்சுமி போனை எடுத்து, தேடிப் பிடித்து, நிதான வேகத்தில் ஓடவிட்டார்.

டெஸ்மண்டின் குரல் ஆட்டோ முழுக்கக் கேட்டது. "ஜுரம் விட்டதும் டெங்கு போயிடுச்சுன்னு நினைக்கறவன் யார் தெரியுமா சிந்து? இன்டர்வெல்ல எழுந்து வீட்டுக்குப் போறவன். வில்லன் வர்றதே செகண்ட் ஹாஃப்லதான். நம்மாளு எழுந்து, தெம்பா ஒரு மசால் தோசை ஆர்டர் பண்ணுவான். அப்போ வயித்து வலி, நிக்காத வாந்தி, பல் ஈறுல ரத்தம், இதுல எது வந்தாலும் சரி, தோசையை அங்கேயே விட்டுட்டு ஆட்டோவைப் பிடிங்கப்பா. தோசை நாளைக்கும் கிடைக்கும்."

சிந்து சிரித்தார். ஆட்டோக்காரரும் சிரித்துவிட்டார், பிறகு கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ரகுராம் சிரிக்கவில்லை. அவர் முழுதாகக் கேட்ட முதல் ஜோக் அதுதான். தோசையை மேஜையில் விட்டுவிட்டு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டார். மெல்ல மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டியூட்டி டாக்டருக்கு அதற்கப்புறம் கைதான் பேசியது. ஊசி, குழாய், பாட்டில். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "ஜுரம் விட்டுடுச்சுன்னு வீட்லயே இருக்கறவங்கதான் நிறைய பேர். சாயந்திரம் வரைக்கும் இருந்திருந்தா கஷ்டமாயிருக்கும். நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார். பீன்ஸை வைத்துவிட்டுச் சிரிக்கிற அந்தப் பெண், நடைபாதையில் நின்று அழுதார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரகுராம் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு கூட எடுக்கவில்லை, பழைய கருத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "நல்ல முயற்சி. ஆனால் உயிர்காக்கும் தகவல்களை நகைச்சுவைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதனால் ஓர் உயிரே போகப் பார்த்தது. டாக்டர்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். மூன்று நட்சத்திரம்."

வித்யாலட்சுமி அதைப் படித்துவிட்டு, "உசிரைக் காப்பாத்தினதுக்கு ஒரு நட்சத்திரம் சேத்துக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"குடுத்திருக்கேனே. முன்னாடி ரெண்டு."

இவர்களை என்ன செய்வது சொல்லுங்கள். இப்போது அவர் வேகத்தைக் குறைத்துத்தான் கேட்கிறார். சிரிப்பு வந்தால் நிறுத்தி, பின்னால் தள்ளி, உள்ளே ஏதாவது அறிகுறி இருக்கிறதா என்று மறுபடி கேட்கிறார். முன்பு அரை மணியில் முடிந்த எபிசோடு ஒரு சாயந்திரம் முழுக்க ஓடுகிறது. நீளம் அதிகம் என்று அடுத்த கருத்து தயாராகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நீங்கள் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு வரி விடாமல்தான் இதைப் படித்திருப்பீர்கள். அப்படியானால் ஒரு சின்னப் பரிசோதனை, ஊசி கிடையாது, பயப்பட வேண்டாம். தோசையை விட்டுவிட்டு ஆட்டோவைப் பிடிக்க டெஸ்மண்ட் சொன்ன மூன்று காரணங்கள் என்னென்ன? மேலே போய்ப் பார்க்கக் கூடாது. ஒன்று நினைவிருக்கிறதா? இரண்டு? ஆனால் இந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு கருத்து மட்டும் முழுசாகத் தயாராக இருக்குமே, அது எந்த இரண்டு வார்த்தையில் தொடங்கும் என்றுகூட என்னால் சொல்ல முடியும். தாராளமாக எழுதுங்கள், நட்சத்திரமும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் எழுந்து பால்கனிக்குப் போய், செடித் தட்டில் இருக்கிற தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு வந்துவிடுங்கள்.