முத்திரை வைத்த மூட்டை

விதிமுறை தெரிந்தவன் தவறு செய்ய மாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். ஓய்வு பெறும்வரை ரயில் பாதைக் கட்டுமானப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்: அவன் செய்யும் தவறுக்கு முத்திரை இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகளின் கடைசி. கர்நாடகப் பக்கம், மாட்டு வண்டியே திணறும் வறண்ட மலைக்காட்டில் இருந்த ஒரு தங்கச் சுரங்கத்துக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தோம். குன்றின் மண் பாரம் தாங்கும் என்று சென்னையில் சோதித்துச் சொன்னால்தான் வெட்டு வேலை தொடங்கும். மண் மூட்டையைக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. அது நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. நடுவில் எனக்குத் தலைதீபாவளி வந்தது. (விதியை எழுதியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.) மூட்டையோடு மாகறலில் மாமனார் வீட்டில் இறங்கினேன்.

அரக்கு முத்திரை வைத்த சாக்கை நான் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதை வீடே கவனித்தது.

“உள்ள இன்னா கீது மாப்ள?” என்றார் மாமனார்.

மண் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். “அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை மாமா” என்றேன்.

“தங்கச் சொரங்கத்துல தான மாமா வேல பாக்கறீங்க?” என்றான் மச்சான் ஏகாம்பரம்.

சுரங்கத்தில் இல்லை, அதற்கான பாதையில் என்று நான் திருத்தவில்லை. புன்னகைத்தேன். சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டாவது முட்டை வந்தது.

மறுநாள் எண்ணெய்க் குளியல். கண்ணெரியச் சிகைக்காய் தேய்த்து, கோவணத்தோடு வெளியே வந்தால் பம்பு செட்டு ஓரம் கூட்டம். மாமியார் உட்கார்ந்து, அரிசியில் கல் அரிப்பதுபோல் அரசாங்கத்தின் மண்ணைச் சட்டிக்குச் சட்டி மாற்றி அரித்துக்கொண்டிருந்தார். சாக்கு காலி.

“ஒங்க மோதரத்துக்குத்தான் மாப்ள,” என்றார் மாமனார். “ஒரு குந்துமணி கெடச்சாலும் போதும்னு பாத்தோம்.”

“ஒண்ணும் மின்னலியே” என்றார் மாமியார்.

“ஒங்கள ஏமாத்திட்டானுங்க மாமா,” என்றான் ஏகாம்பரம். “வெறும் மண்ண குட்த்து அனுப்பிக்கீறானுங்க.”

வேலை போய்விடும் என்று தோன்றியது. என் மனைவி வசந்தா மட்டும் மெதுவாக, “நெசத்த சொல்லிட்டு வேற மண்ணு எட்தாந்துடுங்களேன்” என்றாள்.

“உனக்கு நடைமுறை தெரியாது” என்றேன். முத்திரை குத்தும் அச்சு என் பெட்டியிலேயே இருந்தது. பக்கத்துக் கழனியில் நாற்றங்கால் மண்ணை அள்ளி, சாக்கைத் தைத்து, அரக்கை உருக்கி ஊற்றினேன். முத்திரை அழகாக விழுந்தது.

சோதனைக்கூடத்தில் விடுமுறை முடிந்து மூட்டையின் முறை வந்த அன்று என் பொறியாளரும் அங்கே இருந்தார். சாக்கின் இழைகளுக்கு நடுவே வெளுத்த நெல் முளைகள் தலை நீட்டியிருந்தன. முத்திரை உடையவில்லை.

“கள்ளியே முக்கி முனகி முளைக்கிற எடம்யா அது,” என்றார் பொறியாளர். “அங்க நெல்லு வெதச்சது யாரு?”

மெமோ வந்தது. வேலை தப்பியது. புது மண் எடுத்து, அதன் முடிவு வரும்வரை வெட்டு வேலை தொடங்கவில்லை. மண் வெட்ட வந்தவர்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள். வேலை இருக்கிறது என்று அழைத்துப் போனவனே நான்தான். கூலி இல்லாமல் கூடாரத்தில் கிடந்தார்கள்.

“மண்ணு ரிசல்ட்டு இன்னும் வர்லியா சார்?” என்று அவர்களில் அஞ்சலை என்கிற பெண் தினமும் வந்து கேட்பாள்.

“நடைமுறைம்மா. நேரம் ஆகும்” என்பேன். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போவாள். மெமோவுக்கு விளக்கம் எழுதினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை எழுதத் தெரியவில்லை.

நெல் முளைத்த கதையை வசந்தா மாகறலில் சொல்லிவிட்டாள். அஞ்சலை கதையை நான் வசந்தாவிடமும் சொன்னதில்லை. இப்போதும் தீபாவளிக்குப் போனால், தானே தாத்தாவாகிவிட்ட ஏகாம்பரம், ஒரு பிடி நாற்றோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டு, “மாமா, ஒங்க தங்கம் மொளச்சிக்கீது” என்பான். பேரப் பிள்ளைகள் வரை சிரிப்பார்கள்.

கண்ணில் சிகைக்காய் போய்விட்டது என்று சொல்லி, நான் சற்று நேரம் கழித்துத்தான் கதவைத் திறப்பேன்.