தீர்த்தம் குடித்த கார்

பழைய கார் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. யாராவது "வண்டி எப்படி?" என்று கேட்டால் உடனே "எஞ்சின் நல்ல எஞ்சின்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எஞ்சின் நல்லதுதான். அதற்குப் பெற்றோல் போய்ச் சேராது, அவ்வளவுதான். (சோறு நல்ல சோறு, வாய்க்குத்தான் வராது என்பது மாதிரி.)

கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கிளார்க்காக இருந்த காலத்தில் அந்தக் காரை வாங்கினேன். வெள்ளை நிறம். என்னைவிட வயதில் மூத்தது. விற்றவர் சாவியைத் தரும்போது கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி இருக்கிறாரே என்று நானும் இரக்கப்பட்டேன். அது பிரிவுத் துயரம் இல்லை, விடுதலை என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் காபரேட்டர் மக்கர் பண்ணியது. அதைச் சுத்தம் செய்தால் பில்டர் அடைத்தது. பில்டரை மாற்றினால் பெற்றோல் தாங்கிக்குள் துரு. கராஜ் வைத்திருந்த ரிஸ்வான் நானா ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு, "இனி வராது தம்பி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பிரச்சினை வராது, அதனுடைய தம்பி வரும். கடைசியில் பெற்றோல் பம்ப் படுத்துக்கொண்டது.

"புது பம்ப் கெடைக்கிற வரைக்கும் தாங்கிய நெறச்சே வெச்சிருங்க. பெற்றோல் கொறஞ்சா இது இழுக்காது. கைக்காவலுக்கு ஒரு போத்தலும் வெச்சுக்கோங்க" என்றார் நானா.

வைத்துக்கொண்டேன். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் போத்தலில் சேர்த்துப் பழகிய கை. பெரிய சோடாப் போத்தல் ஒன்றில் நிறைத்து முன் சீட்டுக்குக் கீழே உருட்டிவிட்டேன்.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு நாளுக்காகத்தான். வசந்தி அக்காவுக்குக் கனடா விசா வந்திருந்தது. மச்சான் அங்கே போய்க் காத்துக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் எனக்குச் சட்டை வாங்கித் தந்ததும் அக்காதான், அந்தச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் அடித்ததும் அக்காதான். அவளைக் கலஹா வீட்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை என் காரில், நானே ஓட்டிக்கொண்டுபோய் வழியனுப்ப வேண்டும். கார் வாங்கியதே அதற்காக. அந்த நீண்ட வழியில் அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருப்பதை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம் அல்லவா?

புறப்படுகிற காலையில் தேங்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய், மஞ்சள் கரைத்த தீர்த்தம் வாங்கி வந்தாள். அக்கா கனடாவில் குடியேறும் வீட்டில் தெளிப்பதற்காம். அதுவும் ஒரு பெரிய சோடாப் போத்தலில். பெட்டியை எல்லாம் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டதால், "இது காலடியில பத்திரமா இருக்கட்டும்டா" என்று முன் சீட்டுக்குக் கீழே வைத்தாள்.

நான் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, தாங்கியில பெற்றோல் கொறவா இருக்கு. மேல பெற்றோல் ஷெட்டுக்குப் போய் அடிச்சிட்டு வந்துர்றேன்."

"நல்ல நேரத்துல தேங்கா ஒடச்சாச்சு. இனி வண்டி முன்னாலதான் போகணும். திரும்பக் கூடாது."

"பத்து நிமிசம்மா."

"திரும்பக் கூடாதுன்னா திரும்பக் கூடாது. ஆத்தா பாத்துக்குவா."

ஆத்தா பேராதனைப் பக்கம் இறக்கம் முழுவதும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். இறக்கத்தில் எந்தக் காரும் நல்ல கார். இடையில் ஒரு சின்ன ஏற்றம் வந்தது. கார் இரண்டு தரம் விக்கியது, ஒரு தரம் இருமியது, வளைவின் நடுவே நின்றுவிட்டது.

நான் பதறவில்லை. (பதறியிருக்க வேண்டும்.) "இதுக்குத்தான் நம்மகிட்ட மருந்து இருக்கு" என்று அக்காவுக்குப் பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு, சீட்டுக்குக் கீழே கையை விட்டு அகப்பட்ட போத்தலை எடுத்து, தாங்கியில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். மஞ்சளாகத்தான் இருந்தது. பெற்றோலும் மஞ்சள்தானே. வாசம் பிடித்துப் பார்க்க எனக்கு வழியில்லை, ஒரு வாரமாகக் கடும் தடிமன். அக்காவும் அம்மாவும் விடியற்காலையிலிருந்து அழுததில் அவர்கள் மூக்கும் அடைத்திருந்தது. அந்தக் காருக்குள் வேலை செய்கிற மூக்கு ஒன்றுகூட இருக்கவில்லை.

சாவியைத் திருகினேன். கார் ஒரு தரம் குலுங்கி, தொண்டையில் ஏதோ சிக்கியது போலக் களகளவென்று சத்தமிட்டு அடங்கியது. அதன் பிறகு என்ன செய்தும் மூச்சில்லை. ரிஸ்வான் நானாவுக்குப் போன் பண்ணினேன்.

"ப்ளேனுக்குப் போற புள்ளய வெச்சுக்கிட்டு வண்டியோட மல்லுக்கட்டாதீங்க தம்பி. பேராதனையில நமக்குத் தெரிஞ்ச வேன் ஒண்டு இருக்கு, இப்பவே அனுப்புறேன்" என்றார்.

வேன் வரும் வரை நானும் அக்காவும் ரோட்டோர மதகில் உட்கார்ந்தோம். அம்மா காருக்குள்ளேயே இருந்து ஆத்தாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அக்கா பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து, சின்ன வயதில் செய்வது போலவே எனக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தாள். அடுக்கி வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. "ஒன்னைய கொண்டுபோய் விடத்தான் இந்தக் கார வாங்குனேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள். பிறகு, "அந்த வேன் கொஞ்சம் லேட்டாவே வரட்டும்" என்றாள்.

வேன் சீக்கிரமே வந்துவிட்டது. (வேண்டாம் என்கிற அன்றுதான் எல்லாம் நேரத்துக்கு வரும்.) பெட்டிகளை ஏற்றினோம். அதற்குள் கலஹாவிலிருந்து வந்த பஸ், வளைவை அடைத்து நின்ற என் காருக்குப் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. அம்மா எதற்கும் அசையவில்லை. "கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சு அனுப்புவோம்" என்று சீட்டுக்குக் கீழே இருந்த போத்தலை எடுத்தாள், உள்ளங்கையில் ஊற்றினாள், "ஆத்தா, எம்புள்ளய பத்திரமா கொண்டுபோய் சேத்துரு" என்று அக்காவின் தலையில் தாராளமாகத் தெளித்தாள். எனக்கும் கொஞ்சம். வேன் சாரதிக்கும் கொஞ்சம். பிறகு கர்ப்பூரம் கொளுத்த நெருப்புப்பெட்டியைத் தேடினாள்.

சாரதிக்குத் தடிமன் இல்லை. "அம்மே, பெற்றோல்! பெற்றோல்!" என்று கத்திக்கொண்டு நெருப்புப்பெட்டியைப் பிடுங்கி எறிந்தார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இது பெற்றோல் என்றால், தாங்கிக்குள் போனது எது? காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி, மாரியாத்தாவ தாங்கிக்குள்ள ஊத்திட்டியேடா!"

பஸ் ஹோர்ன் நிற்கவில்லை. யாராவது காரில் இருந்து ஸ்டீரிங் பிடித்தால்தான் அதைத் தள்ளி ஓரங்கட்டலாம். அந்த யாராவது நான்தான். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி முன்னாலிருந்து தள்ள, நான் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி காரை ஓரத்துக்கு இறக்கினேன். மறுபடி முன்னால் பார்த்தபோது, ப்ளேனுக்கு நேரமாகிறது என்று அம்மாவையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வேன் வளைவில் இல்லை. அக்கா கை காட்டினாளாம், அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

மறுநாள் தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்த ரிஸ்வான் நானா, மஞ்சளாக வழிந்ததை வெகுநேரம் பார்த்தார். "இது எந்த ஷெட்ல அடிச்சது தம்பி?"

"எங்க கோயில்ல நானா."

விமான நிலையத்துக் குழாயில் எத்தனை முறை கழுவியும் வாசம் போகாமல், அக்கா பெற்றோல் மணக்க மணக்கக் கனடா போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாரும் என் காரில் ஏறும் முன், "தீர்த்தம் போட்டாச்சா?" என்று கேட்காமல் ஏறுவதில்லை. அக்கா ஒவ்வொரு வருடமும் "இந்த வருசம் வந்துருவேன்" என்கிறாள். பிள்ளைகள், வேலை, பனி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை வீடியோவில் கேட்டாள். "அந்தக் கார வித்துட்டியா?"

"இல்லக்கா. இருக்கு."

"நான் வந்தா அதுலதான் வந்து கூட்டிட்டுப் போகணும்."

"நடுவழியில நின்னுட்டா?"

"நிக்கட்டும்டா. மதகுல ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்போம்."

புதுத் தாங்கி, புதுப் பம்ப் எல்லாம் போட்டு வருடக்கணக்காகிறது. கார் இப்போது எந்த ஏற்றத்திலும் நிற்பதில்லை. அதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.