மாமாவைக் கேட்காமல் அசையாத மருமகள்

என் வீட்டுக்காரருக்கு ஓய்வு கிடைத்தது, எனக்குப் போயிற்று. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடையாய் நடப்பார். பால் பொங்கினால் "பால் பொங்குது" என்பார். அணைக்க மட்டும் மாட்டார். இந்த லட்சணத்தில் புது மருமகள் வந்து சேர்ந்தாள். மனிதருக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது.

"இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு முறை இருக்கும்மா," என்று அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "எதுவானாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்."

"சரிங்க மாமா. கல்யாண லீவு முடியுது. திங்கட்கிழமை ஆபீஸ் போகலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் அகராதியில் அதற்கு 'கூடாது' என்று பொருள். எனக்குத் தையல் மிஷின் வாங்குவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். என் பிள்ளையோ, அப்பா எதிரில் வாயைக் கொட்டாவி விட மட்டும் திறப்பான்.

"போகலேன்னா வேலை போயிடும் அத்தை," என்று அடுக்களையில் கண்ணைக் கசக்கினாள் பெண்.

"அழாதே. மாமா சொன்னதை அட்சரம் பிசகாமச் செய். எதுவானாலும் கேளு. எதுவானாலும்!"

கெட்டிக்காரி. அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, தக்காளியை நாலா நறுக்கட்டுமா, எட்டாவா?"

"உன் இஷ்டம்மா."

"ஐயோ, நீங்க சொல்லாம எப்படி மாமா?"

"எட்டு!"

பேப்பரை விரித்தால், "மாமா, குப்பையை இப்பவே கொட்டவா?" குளிக்கப் போனால் கதவைத் தட்டி, "மாமா, குக்கர்ல இன்னும் ஒரு விசில் விடலாமா?" சோப்பு நுரைக்குள்ளிருந்து அலறல் வரும்: "விடும்மா!" மத்தியானத் தூக்கம் அவருக்கு உயிர். கண் சொக்கும் நேரம் பார்த்து, "தூங்கறீங்களா மாமா? ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நீ கொஞ்சம் அவகிட்டச் சொல்லேன்."

"நல்லாயிருக்கே! உங்களைக் கேக்காம அவ என் பேச்சைக் கேக்கலாமா?"

திங்கட்கிழமை காலை. பாதி முகம் சவரம் ஆகியிருந்தது.

"மாமா, உப்பு டப்பாவை வலப்பக்கம் வைக்கட்டுமா, இடப்பக்கமா?"

கன்னத்தில் ஒரு கீறல்.

"தாயே! இனிமே என்னை எதையும் கேக்காதே! எல்லாம் உன் இஷ்டம்!"

"எல்லாமேவா மாமா?"

"எல்லாமே!"

"சரிங்க மாமா."

கைப்பை ஏற்கெனவே தோளில் தொங்கியது. தடதடவென்று படியிறங்கிவிட்டாள்.

"எங்க போறா?"

"ஆபீசுக்கு."

நுரை முகத்தோடு ஜன்னலுக்கு ஓடினார். பஸ் கிளம்பிவிட்டது.

"இதெல்லாம் உன் வேலைதானே?" என்று என் மேல் பாய்ந்தார். "எங்க பரம்பரையிலேயே இப்படி ஒரு குயுக்தி கிடையாது! யார்கிட்டக் கத்துக்கிட்டே இதை?"

"உங்கப்பாவைச் சமாளிக்க உங்கம்மா சொல்லிக்கொடுத்தாங்க," என்றேன்.